ஜயண்ட்ஸ் 1987: பழி வேலைநிறுத்தத்துக்கு மட்டுமா?

வணக்கம். 1986இல் 14 வெற்றி, 2 தோல்வி. அமெரிக்கக் கால்பந்தின் பட்ட இறுதியாட்டமான சூப்பர் பௌலில் டென்வரை 39-20 என வீழ்த்திய நியூயார்க் ஜயண்ட்ஸ் மறு ஆண்டே 6 வெற்றி, 9 தோல்வி எனச் சரிந்தது. ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்காவிட்டால் பட்டத்தைத் தக்கவைத்திருப்பார்கள் அல்லவா?
– ஆர்.

அன்புள்ள ஆர்.,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. செப்டம்பர் 22 அன்று வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே, முழு அணியோடு இறங்கிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தார்கள்: சிகாகோவிடம் 34-19, டாலஸிடம் 16-14.

மூன்றாம் வார ஆட்டங்கள் ரத்தாயின. அடுத்த மூன்று வாரங்கள் மாற்று ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். அந்த முடிவுகளும் புள்ளிப்பட்டியலில் சேர்ந்தன. சான் பிரான்சிஸ்கோவிடம் 41-21, வாஷிங்டனிடம் 38-12. பஃபலோவுக்கு எதிராக, அணியின் தற்காப்பு நட்சத்திரம் லாரன்ஸ் டெய்லரே மறியலைத் தாண்டி வந்து ஆடினார். அவர் எதிரணியின் குவார்ட்டர்பேக்கை (தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவரை) விரட்டலாம், பந்தை முன்னே கொண்டுபோக வேண்டியது தாக்குதல் பிரிவுதானே? அது மொத்தமாக எடுத்தது 3 புள்ளி. கூடுதல் நேரத்தில் 6-3 எனத் தோல்வி.

இந்த மூன்று தோல்விகளும் பெரிய சேதம்தான். ஆனால் மினசோட்டா வைகிங்ஸைப் பாருங்கள். அவர்களுடைய மாற்று அணியும் மூன்றிலும் தோற்றது. அசல் அணி 8-4 என்று ஆடியதால் மொத்தம் 8-7 ஆகி, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் நுழைந்து, சூப்பர் பௌலுக்கு முந்தைய கட்டமான என்எஃப்சி இறுதிவரை போனது. ஜயண்ட்ஸின் அசல் அணி 6-6. வித்தியாசம் அங்கேதான்.

என்னைக் கேட்டால், முதல் விரிசல் தாக்குதல் வரிசையில், அதாவது எதிராளிகளைத் தடுத்து வழி திறக்கும் ஐவரிடம், விழுந்தது. அந்த வரிசையின் வலது டாக்கிள் (வலது ஓரத் தடுப்பாளர்) கார்ல் நெல்சனுக்கு ஹாட்ஜ்கின் புற்றுநோய் இருப்பது சீசனுக்கு முன்பே தெரியவந்தது; அந்த ஆண்டு முழுக்க அவர் ஆடவில்லை. அந்த வரிசையில் ஐந்து பேரும் பல மாதம் சேர்ந்து பழகினால்தான், எதிராளி இடம் மாறும்போது யாரை யார் தடுப்பது என்பது பேசாமலே புரியும். ஒருவர் மாறினாலும் பக்கத்தில் இருப்பவரின் வேலையும் குழம்பும், ஓடுபவருக்குத் திறக்க வேண்டிய வழி அடைபடும். பந்தோடு ஓடும் ஜோ மோரிஸ் 1986இல் ஓட்டத்துக்குச் சராசரியாக 4.4 கெஜம் எடுத்தார், 1987இல் 3.4 கெஜம்தான். வேலைநிறுத்தத்தால் அவர் ஆடிய ஆட்டங்கள் குறைந்தன என்பது சரி, ஆனால் சராசரி குறைந்ததற்கு அது காரணமாகாது. போதாததற்கு, குவார்ட்டர்பேக் ஃபில் சிம்ஸும் காயத்தால் நவம்பரில் சில ஆட்டங்களில் இல்லை.

வேலைநிறுத்தம் செய்த ஆட்டக்காரர் சங்கம் கேட்டதோ, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை. அது அவர்களுக்கு 1993இல்தான் கிடைத்தது. இந்த அணியின் சரிவை அந்தக் கோரிக்கையின் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.