பத்மினியை ஏற்காட்டுக்கு ஏற்றலாமா?

கேள்வி: அப்பா 1978-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் ஓடுகிறது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, வண்டி ஏறுமா? - வாசகர், சேலம்

பதில்: தாராளமாக ஏறும். 1089 சிசி இன்ஜின்தான், ஆனாலும் ஒரு காலத்தில் உள்ளே ஆறு பேரையும் மேலே கேரியரில் பெட்டி படுக்கையையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறிய வண்டி அது. எனக்குக் கவலையெல்லாம் இறக்கத்தைப் பற்றித்தான். பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் பாதி மலை வருவதற்குள் டிரம் சூடேறிப்போகும், அப்புறம் என்ன மிதித்தாலும் பிரேக் பிடிக்காது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். போவதற்கு முன் நான்கு டிரம்மையும் கழற்றி லைனிங் பார்த்து, பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும், சூடானால் அதுவே கொதித்து பிரேக்கைக் காலி செய்யும்.

ஏறும்போது வரும் தொல்லை வேறு. பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருப்பதால் வெயிலில் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், வண்டி இருமி இருமி நின்றுவிடும். என் பழைய ஃபியட் ஒரு சித்திரை மதியம் இப்படித்தான் வளைவு நடுவில் படுத்துக்கொண்டது. லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் தன் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து பம்ப்மேல் சுற்றினார், பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. துண்டைத் திருப்பித் தரத்தான் மறந்துபோனேன். அதனால் ஒரு பழைய துணி, ஐந்து லிட்டர் தண்ணீர், ஃபேன் பெல்ட், இக்னிஷனுக்கான பாயின்ட், கண்டென்சர் டிக்கியில் இருக்கட்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம்.

பயணம் நடத்துகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், கடைசி வண்டியில் மெக்கானிக்கும் இழுவைக் கயிறும் வருகிறதா? காலை ஆறு மணி என்றால் சரி. 'டிபன் முடித்து நிதானமாகப் போகலாம்' என்றால் யோசியுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: 1971 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருக்கிறேன். வின்டேஜ் என்று பதிவு செய்தால் இப்படி ஊர் சுற்றலாமா? - வாசகர், தாம்பரம்

பதில்: 50 வருடம் தாண்டி, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டி என்றால் 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அதற்கப்புறம் கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான் வண்டியை ரோட்டில் இறக்கலாம். வாரா வாரம் மகாபலிபுரம் போக ஆசை இருந்தால் அவசரப்படாதீர்கள், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வதுதான் உங்களுக்குத் தோது. சென்னையிலேயே செய்த கார், தெருவில் ஓடினால்தானே அழகு! முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் தூக்கித் திறக்குமே, வழியில் நின்றாலும் முன் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காருக்கு ஆகாதாமே? - வாசகர், கோவை

பதில்: ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் 20 சதவீதக் கலப்பு பழைய ரப்பர் குழாயையும் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வையும் மெல்ல மெல்லத் தின்னும், எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் டேங்கில் ஈரம் இறங்கும், பயணத்துக்கு முந்தின வாரம் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். வடித்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தால் கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவ வேண்டியதுதான்.