நாமறியோம்

ஐயா,

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அண்ணா காணாமற்போனார். அம்மாவுக்கு இப்போது 74 வயது. மரணச் சான்றிதழ் எடுக்க மறுக்கிறார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிடைக்கும் காணாமற்போனமைச் சான்றிதழையும் வேண்டாம் என்கிறார். அண்ணாவின் படத்தோடு போராட்டங்களுக்குப் போய்விடுவார். நான் போகும் யோகா வகுப்பில், 'கையில் இல்லாததை ஏற்றுக்கொள்வதே யோகம்' என்றார்கள். இதை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஒரு வாசகர், கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

புரியவைக்க வேண்டாம். யோகம் தனக்குத்தானே பழகுவது, மற்றவருக்குச் சொல்லும் பத்தியம் அல்ல.

மனதை அடக்க, யோகசூத்திரம் எழுதிய பதஞ்சலி சொல்லும் இரண்டு வழிகள் அப்பியாசமும் (விடாமல் பழகுவது) வைராக்கியமும். வைராக்கியம் என்றதும் பாசத்தை அறுப்பது என்று நினைத்துவிடுகிறோம். கண்டதிலும் கேட்டதிலும் உள்ள வேட்கை தணிவதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். 'இனி வரப்போகும் துன்பம் தவிர்க்கத்தக்கது' என்றும் ஒரு சூத்திரம் உண்டு. வந்துவிட்டதை மறந்துவிடு என்று அங்கே அவர் சொல்லவில்லை.

அதைவிட, நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்ற சித்தர் சொன்னதைப் பாருங்கள். அவருடைய சீடர் யோகர் சுவாமி வழியாக அவரின் நான்கு வாக்கியங்களும் நம் ஊரில் பழகிப்போனவை. செத்த வீட்டில் 'எப்பவோ முடிந்த காரியம்' என்பார்கள். நட்டப்பட்டவனிடம் 'ஒரு பொல்லாப்புமில்லை' என்பார்கள். (எனக்கும் ஒருமுறை சொன்னார்கள். சொன்னவருக்கு ஒரு பொல்லாப்புமில்லைத்தான்.) 'நாமறியோம்' என்பதை மட்டும் யாரும் ஆறுதலாகச் சொல்வதில்லை. மனம் அதில் நிற்காது, ஒரு முடிவைத் தேடி ஓடும். உங்கள் அம்மாவோ இத்தனை வருடமாக அதிலேதான் நிற்கிறார்.

வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த குடும்பநல ஆய்வாளர் போலின் பாஸ், இதைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். முடித்துவை என்று வற்புறுத்துவது அவருக்கு உடன்பாடில்லை. 'இல்லாமலும் இருக்கலாம், வரவும் கூடும்' என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே வாழப் பழகலாம் என்கிறார்.

காணாமற்போனமைச் சான்றிதழ் இறந்ததாகச் சொல்வதில்லை. அரசாங்கக் கடதாசியில் 'நாமறியோம்' என்று எழுதியது மாதிரித்தான். இதை ஒருமுறை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் கையில் இல்லாதது அம்மாவின் மனம். வகுப்பில் சொன்னது உங்களுக்கு உதவுவது அந்த இடத்தில்தான்.

அடுத்தமுறை அவர் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நீங்களும் கூடப் போங்கள். குடையும் ஒரு போத்தல் தண்ணீரும் மறக்க வேண்டாம். வெயில் கடுமை.