போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, ஷாம்பு மட்டும் நுரைக்கிறதே, ஏன்?

பெங்களூரில் பெல்லந்தூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் போர்வெல்லும் டேங்கரும்தான். ஊரிலிருந்து அம்மா வந்த முதல் நாளே, "என்னடா, சோப்பு திரிஞ்ச பால் மாதிரி ஆகுது" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. உண்மையிலேயே அது திரிகிறது.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். வால் என்பது 12 முதல் 18 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. அது எண்ணெய், அழுக்கோடு சேரும். தலை தண்ணீரோடு சேரும். சோப்பின் தலை கார்பாக்சிலேட். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்தத் தலையைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். வாளி ஓரத்தில் படியும் வெள்ளைப் பிசுக்கு அதுதான். அந்தச் சோப்பு அழுக்கை எடுக்கவே இல்லை, வீண்.

ஷாம்பு பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்ஃபேட் என்று இருக்கும். இதன் தலை சல்ஃபேட். தலைக்கும் வாலுக்கும் நடுவே கழுத்து மாதிரி இரண்டு மூன்று எத்திலீன் ஆக்சைடு கண்ணிகள். கால்சியம் வந்தாலும் இது கரைந்தே நிற்கும். கழுத்து இருப்பதால் தோலுக்கும் எரிச்சல் குறைவு. அப்புறம் கண்டிஷனர்: அதில் மூலக்கூறின் தலைக்கு நேர்மின்னூட்டம், முடிக்கு எதிர்மின்னூட்டம், அதனால் அலசிய பிறகும் ஒட்டி நிற்கும்.

வாலின் கதைதான் என்னை அதிகம் பாதித்தது. 1950களில் வந்த டிடர்ஜென்ட்களில் வால் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. பாக்டீரியாவால் அதை எளிதில் தின்ன முடியவில்லை. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஆறுகள் நுரைத்தன. 1960களில் நேரான வாலுக்கு மாறினார்கள், நுரை குறைந்தது. இன்று நம் சலவைத்தூளில் இருப்பதும் பெரும்பாலும் நேர்வால்தான்.

அப்படியிருந்தும் 2015இல் பெல்லந்தூர் ஏரி நுரை சாலைக்குப் பறந்து வந்தது. ஏனென்றால் நேர்வாலைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடை சேர்ந்த ஏரியில் அது எங்கே கிடைக்கும்? மதகில் விழும் தண்ணீரை மீதமிருக்கும் டிடர்ஜென்ட் நுரையாக்கிவிடுகிறது.

கரண்ட் பில்லுக்குப் பயந்து எங்கள் அபார்ட்மெண்டின் எஸ்டிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பாக்டீரியாவுக்குக் காற்று ஊதும் ப்ளோயரை இரவில் நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.