ஒரு மாதச் சரிவைப் பார்த்து கல் வாங்குவதை நிறுத்தலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் ஸ்லாப் பாலிஷ் செய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன். அங்கே புது வீடு கட்டுவது போன மாதம் சரிந்துவிட்டதாம். புது பிளாக் (ஸ்லாப் அறுக்கும் பெரிய பாறைக் கல்) வாங்குவதை நிறுத்தட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாதந்தோறும் மூன்று எண்களை வெளியிடுகிறது: கட்டட அனுமதி, தொடங்கிய வீடுகள், முடிந்த வீடுகள். தொடங்கியது என்றால் பூமி பூஜை போட்டது அல்ல, கடைக்கால் தோண்ட ஆரம்பித்திருக்க வேண்டும். நூறு வீடு கொண்ட அடுக்குமாடிக்குத் தோண்டினால் நூறும் அன்றே கணக்கில் ஏறிவிடும். மொத்த எண் மாதத்துக்கு மாதம் குதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்லாவற்றையும் எண்ணாமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கணிக்கும் மாதிரிக் கணக்கெடுப்பு இது என்பதால், எண் எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற பிழை வரம்பையும் பக்கத்திலேயே அச்சிடுகிறார்கள். 7 சதவீதம் குறைவு, பிழை வரம்பு 10 சதவீதம் என்றிருந்தால், குறைந்ததா கூடியதா என்றே சொல்ல முடியாது. செய்தியில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அதற்காக ஒதுக்கித் தள்ளவும் கூடாது. 2006 ஜனவரியில் ஆண்டுக்குச் சுமார் 22.7 லட்சம் வீடு என்ற வேகத்தில் தொடங்கினார்கள். பிறகு இறங்கத் தொடங்கி, 2009 ஏப்ரலில் அந்த வேகம் 5 லட்சத்துக்கும் கீழே போனது. பொருளாதார மந்தம் தொடங்கியதோ 2007 டிசம்பரில்தான். கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் வட்டி ஏறினால் முதலில் தயங்குவார்கள். அதனால் மந்தம் வருவதை வீடு கட்டும் எண்ணிக்கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எப்போதும் சரியாகச் சொல்லும் என்றில்லை. 2023இல் வீட்டுக்கடன் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியும் மந்தம் வரவில்லை.

சரி, உங்கள் கல்லுக்கு வருவோம். சமையலறை மேடைக் கல் கடைசிக் கட்டத்தில்தான் வைக்கப்படும், அலமாரிகள் பொருத்திய பிறகு. தனி வீடு தோண்டியதிலிருந்து முடிய அரை வருடத்துக்கு மேல் ஆகும். ஆக, இன்றைய அனுமதிதான் பல மாதம் கழித்து உங்களுக்கு ஆர்டராக வரும். மொத்த எண்ணை விட்டுவிட்டு, தனி வீடுகளுக்கான அனுமதியின் மூன்று மாதச் சராசரியைப் பாருங்கள். அது தொடர்ந்து இறங்கினால் பிளாக் வாங்குவதைக் குறைக்கலாம்.

ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சிக்காது. பழைய வீட்டில் சமையலறையை இடித்து மாற்றுகிறவர்களும் கல் வாங்குகிறார்கள். அது புது வீடு இல்லையே. உங்கள் சரக்கில் எவ்வளவு புது வீட்டுக்கு, எவ்வளவு பழைய வீட்டுக்குப் போகிறது என்று அடுத்த கன்டெய்னர் ஏறும் முன் உங்களிடம் வாங்குகிறவரிடம் கேட்டுவிடுங்கள்.