'நியாயமான நேரத்தில் பார்க்கலாம்' என்ற ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நானும் மனைவியும் பிரிந்து எட்டு மாதமாகிறது. மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. பிள்ளைகள் அம்மாவோடு தாம்பரத்தில், என் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். நான் அம்பத்தூரில் இருக்கிறேன். மனமொத்து விவாகரத்து வாங்குவது என்று பேசி முடித்துவிட்டோம். வக்கீல் கொடுத்த வரைவில் பிள்ளைகளைப் பற்றி ஒரே வரிதான்: 'குழந்தைகள் தாயின் பொறுப்பில் இருப்பார்கள், தந்தை நியாயமான நேரங்களில் பார்க்கலாம்.' நான் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால், இனிப் பிள்ளைகளுக்கென்று எதுவும் கேட்பதில்லை என்று மனைவி எழுதித் தருவாராம். கையெழுத்துப் போடலாமா? இதற்கு மேல் கேட்டால் சண்டை வந்துவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: இப்போது போட வேண்டாம். வக்கீலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மனுக்களில் வழக்கமாக வருகிற வரிதான் அது. 'நியாயமான' என்ற சொல்லுக்குள் நாளும் இல்லை, மணியும் இல்லை. உங்களுக்கு நியாயமாகத் தோன்றும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சீமந்த நாளாக இருக்கும். மூன்று முறை அப்படி ஆனதும் 'பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்கிறாள்' என்று நீங்களும், 'சொல்லாமல் வந்து நிற்கிறார்' என்று அவரும் சொல்லத் தொடங்குவீர்கள். இரண்டு பேர் மேலும் தப்பு இருக்காது.

உங்களுக்குக் கால அவகாசம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகுதான் மனமொத்த மனுவே போட முடியும். அதற்கு நான்கு மாதம் பாக்கி. மனு போட்டபின் இரண்டாம் கட்டத்துக்கு, அதாவது இருவரும் மறுபடி நீதிமன்றத்தில் சம்மதம் சொல்வதற்கு, குறைந்தது ஆறு மாதம். இந்த ஆறு மாதத்தைச் சில நிபந்தனைகளோடு நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வக்கீலும் அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்பார். சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது அந்த அவசரம் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. பத்து மாதம் கையில் இருக்கும்போது, ஏற்பாட்டை முதலில் நடத்திப் பார்த்துவிட்டு, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மகன் ஐந்து வயதுக்குள் இருப்பதால், 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அவனைச் சாதாரணமாகத் தாயிடமே விடும். அதற்காக அப்பா வீட்டில் ராத்தங்கக் கூடாது என்று அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேல் குழந்தையின் நலன் என்கிறது அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு. கூட்டுப் பொறுப்பைச் சட்டத்திலேயே சேர்க்கும்படி இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் பெற்றோர் இருவரும் ஒத்துக்கொண்டு கொண்டுவரும் திட்டத்தை, பிள்ளைகளுக்குக் கேடில்லை என்றால், நீதிமன்றம் ஏற்கலாம்.

பேச உட்காரும்போது 'கஸ்டடி யாருக்கு' என்று தொடங்காதீர்கள். நாள்காட்டியை நடுவில் வையுங்கள். வழக்கமாகக் கிடைப்பது ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை. 52 ஞாயிறுக்கும் கூட்டினால் 364 மணி நேரம். வருடத்துக்குப் பதினைந்து நாள், ஒரு இரவுகூட இல்லை. பிள்ளைக்கு நீங்கள் மாலில் ஐஸ்கிரீம் வாங்கித் தரும் ஆளாக ஆகிவிடுவீர்கள். ஒன்றுவிட்ட வாரம் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை என்றால், கோடையில் மூன்று வாரமும் சேர்த்து, வருடத்தில் 65 இரவைத் தாண்டும். வீட்டுப்பாடம், பல் தேய்ப்பு, அடம், எல்லாம் உங்கள் வீட்டிலும் நடக்கும். மனைவிக்கும் மாதத்தில் இரண்டு வாரக்கடைசி ஓய்வு. இதை அவரிடம் சலுகை கேட்பதுபோல் கேட்க வேண்டாம், அவருக்கும் இதில் லாபம் இருக்கிறது.

மகன் எட்டு மாதமாக உங்களோடு தூங்கவில்லை என்றால் எடுத்த எடுப்பில் இரண்டு இரவு வேண்டாம். முதல் நான்கு முறை சனி காலை முதல் ஞாயிறு மாலை வரை, ஒரே இரவு. அக்காவையும் கூடவே அழைத்துப் போங்கள். இரண்டு பேரையும் தனித்தனி நாளில் பிரிப்பதைக் கூடுமானவரை தவிர்க்கலாம்.

'முதல், மூன்றாம் வாரம்' என்று எழுதிவிடாதீர்கள். ஐந்து சனி வரும் மாதத்தில் அந்த ஐந்தாவது யாருடையது? 1-ஆம் தேதி ஞாயிறாக வந்தால் 'முதல் வாரம்' எது? ஒன்றுவிட்ட வாரம் என்றாலும் கோடை விடுமுறை முடிந்ததும் யார் முறை என்று குழப்பம் வரும். ஒரு வருடத்துக்கான தேதிகளை அப்படியே குறித்து ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

'இணைப்பில் குறித்த வெள்ளிக்கிழமைகளில் மாலை 4.00 மணிக்குத் தந்தை மகளைப் பள்ளி வாசலிலும், பிறகு மகனைத் தாயின் வீட்டிலும் அழைத்துக்கொள்வார். ஞாயிறு மாலை 6.00 மணிக்கு இருவரையும் தாயின் வீட்டில் விடுவார். 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் செய்தி அனுப்ப வேண்டும். செய்தியே இல்லாமல் 60 நிமிடம் கடந்தால் அந்த முறை கழிந்ததாகும். குழந்தையின் உடல்நலக் குறைவால் விட்டுப்போனால் அடுத்த வாரக்கடைசி ஈடாகும்.'

படிக்க வறட்சியாகத்தான் இருக்கும். ஆனால் சண்டை மூளும் இடம் பெரும்பாலும் கைமாற்றும் வாசல்தான். அதனால்தான் பள்ளி வாசலைச் சேர்த்தோம், அங்கே நீங்கள் இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை. பள்ளிக்கு இருவரும் கையெழுத்திட்ட கடிதம் முன்கூட்டியே போக வேண்டும். இல்லாவிட்டால் முதல் வெள்ளியன்றே வாட்ச்மேன் பிள்ளையை அனுப்ப மாட்டார். மகன் எல்.கே.ஜி. என்றால் மதியமே வீடு வந்திருப்பான். அவனை மாமியார் வீட்டில்தான் அழைக்க வேண்டும், ஆகவே கதவைத் திறப்பது யார் என்பது வரை பேசி வையுங்கள். திங்கள் காலை நேராகப் பள்ளியில் விடுகிறேன் என்று ஆசைப்பட வேண்டாம். பைபாஸ் வழியாக வந்தாலும் அம்பத்தூரிலிருந்து தாம்பரத்துக்கு நாலு வயதுப் பிள்ளையை விடியுமுன் எழுப்ப வேண்டியிருக்கும்.

இரண்டு வீட்டிலும் நாலு செட் உடுப்பு, பிரஷ், செருப்பு தனித்தனியாக இருக்கட்டும், பெட்டி தூக்கும் வேலை மிச்சம். கூடப் போக வேண்டியவை டைரி, புத்தகம், மருந்து மட்டும். மருந்து விஷயத்தில் ஒரு துண்டுச் சீட்டு கட்டாயம்: எந்த மருந்து, எத்தனை மில்லி, கடைசியாக எத்தனை மணிக்கு. ஞாயிறு ஐந்தரைக்கு நீங்கள் காய்ச்சல் மருந்து கொடுத்தது தெரியாமல் ஏழு மணிக்கு அவரும் கொடுத்துவிட்டால் அளவு மீறிப் போகும்.

பண்டிகைகளைத் தனியாக எழுதுங்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை 5 முதல் மறுநாள் மதியம் 2 வரை, அதாவது எண்ணெய்க் குளியலும் வெடியும், ஒற்றைப்படை ஆண்டில் அம்மாவிடம், இரட்டைப்படை ஆண்டில் உங்களிடம். பொங்கலுக்கு அப்படியே மாற்றிவிடலாம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளைப் பாதியாகப் பிரிக்கலாம். 'பண்டிகை நாள் வாரக்கடைசி முறையை மீறும், அதற்கு ஈடு கிடையாது' என்று ஒரு வாக்கியமும் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஜனவரியிலும் கணக்குப் பேச வேண்டி வரும்.

நம் ஊருக்கே உரிய இன்னொன்றை வரைவுகள் தொடுவதே இல்லை. மகனுக்கு மொட்டை, காதுகுத்து முடிந்துவிட்டதா? இல்லையென்றால் யார் குலதெய்வம் கோயிலில், யார் செலவில், இரு தரப்பும் வரலாமா? மகளுக்கு எட்டு வயது. மூன்று நான்கு வருடத்தில் வயதுக்கு வந்துவிடலாம். அன்றைக்கே அடுத்தவருக்குச் சொல்லிவிட வேண்டும், மஞ்சள் நீராட்டு வைத்தால் ஒரே விழாவாக வைக்க வேண்டும், அவள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்று இப்போதே எழுதிவிடுங்கள். தாய்மாமன் சீர், பத்திரிகையில் பெயர் என்று அப்போது கிளம்பும் மனக்கசப்பு மொத்த ஏற்பாட்டையும் கவிழ்த்துவிடும்.

பிள்ளை உடன் இல்லாத பெற்றோருக்குத் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரவு 7.30 என்று நேரம் குறியுங்கள். இரண்டு பக்கமும் இதே விதிதான், உங்களிடம் இருக்கும் நாளில் அம்மா பேசுவார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பது கூடாது.

இனி பணம். 'பிள்ளைகளுக்கென்று எதுவும் கேட்கமாட்டேன்' என்ற வரியை நம்பி நீங்கள் மொத்தத் தொகை கொடுத்தால் ஏமாந்து போவீர்கள். ஜீவனாம்சம் பிள்ளைகளின் உரிமை. அதை அம்மா எழுதிக்கொடுத்துக் கைகழுவ முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நாளைக்குப் பிள்ளைகள் பெயரில் மனு வந்தால் அந்தக் காகிதம் நிற்காது. மனைவிக்குக் கொடுப்பது வேறு, பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேறு என்று பிரியுங்கள். பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளிக்குக் கட்டுங்கள். மாதத் தொகை 5-ஆம் தேதிக்குள் வங்கி வழியாகப் போகட்டும், கையில் ரொக்கம் வேண்டாம். ஒவ்வொரு ஜூனிலும் 8 அல்லது 10 சதவீதம் கூடும் என்று இப்போதே எழுதினால் வருடாவருடம் பேரம் இல்லை. மருத்துவச் செலவு 2,000 ரூபாயைத் தாண்டினால் ஏழு நாளில் பில், அடுத்த பத்து நாளில் உங்கள் பங்கு. பங்கு பாதிக்குப் பாதியாக இருக்க வேண்டியதில்லை, இருவர் சம்பள விகிதத்தில் வைப்பதே முறை. பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும், பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் கூடாது என்பதைத் தனி வாக்கியமாகச் சேருங்கள்.

பள்ளி மாற்றம், டி.சி. வாங்குவது, அறுவைச் சிகிச்சை, பாஸ்போர்ட், வேறு ஊருக்குக் குடிபோவது: இந்த ஐந்துக்கும் இருவர் சம்மதமும் வேண்டும். குடிபோவதற்கு 60 நாள் முன்னறிவிப்பு. ஒத்துவரவில்லை என்றால் ஏழு நாள் எழுத்தில் பேசி, பிறகு சமரச மையம், அதற்குப் பிறகுதான் நீதிமன்றம். அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது. பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவர் முடிவெடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை குத்தி வைத்தால் போதாது. மனமொத்த மனுவோடு இணைத்து, பக்கத்துக்குப் பக்கம் இருவரும் கையெழுத்திட்டு, ஒப்பந்தம் தீர்ப்பின் பகுதி என்று உத்தரவிலேயே வரவைக்க வேண்டும். அப்போதுதான் யாராவது மீறினால் தீர்ப்பை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனு போட முடியும். தீர்ப்பு வந்தபின்னும் பிள்ளைகள் வளர வளர இதை மாற்றிக் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் மகனுக்கு ஆறு வயதாகும்போது ஒருமுறை, மகளுக்குப் பன்னிரண்டில் ஒருமுறை மறுபரிசீலனை என்று குறித்து வையுங்கள்.

நேருக்கு நேர் பேச முடியவில்லை என்றால், மனு போடுமுன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகிச் சமரசம் கேட்கலாம். மனு போட்ட பிறகு நீதிமன்றமே சமரச மையத்துக்கு அனுப்பும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் ஒன்று இயங்குகிறது. அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது, தயங்காமல் பேசலாம். அடி உதையோ குடியோ பயமோ இருக்கும் வீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே மேற்பார்வையில்தான் சந்திப்பு, அதற்கு வேறு வழி.

சண்டை வருமோ என்று கேட்டிருந்தீர்கள். வரைவைத் திருத்த வேண்டும் என்று ஆரம்பித்தால் வரும். இந்த வாரமே இப்படி ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள்: 'வக்கீல் பேப்பர் அப்படியே இருக்கட்டும். அடுத்த எட்டு வாரம் ஒன்றுவிட்ட வாரக்கடைசி பிள்ளைகள் இங்கே வந்து பார்க்கட்டுமா? தம்பிக்கு முதலில் ஒரு ராத்திரி மட்டும். சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். தேதி நீயே சொல்.' அவர் சரி என்றதும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, கைமாறிய மணி, இடறிய விஷயம் என்று மூன்று கட்டம் போதும். எட்டு வாரம் கழித்து வக்கீலிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள்.