நாட்டில் மீன் வரத்து கூடுகிறது என்கிறார்களே, சென்னை காசிமேடு மீன் சந்தையில் வஞ்சிரம் மட்டும் ஏன் இவ்வளவு விலை?

உள்நாட்டு மீன் வரத்து என்பது நாட்டு மக்கள் உண்ணக் கிடைக்கும் மீன். பிடித்தது, வளர்த்தது, இறக்குமதி ஆகியவற்றைக் கூட்டி, ஏற்றுமதியையும் தீவனத்துக்குப் போவதையும் கழிக்க வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் கணக்கு போலத்தான்: குழாயில் பிடித்த குடங்களோடு லாரியில் வாங்கியவற்றைச் சேர்த்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததைக் கழித்தால் நமக்கு மிஞ்சுவது தெரியும்.

இந்தியாவின் மீன் உற்பத்தி 2013-14இல் சுமார் 96 லட்சம் டன். 2022-23இல் 175 லட்சம் டன். பெரிய பாய்ச்சல்தான். ஆனால் அதில் 131 லட்சம் டன் குளம், ஏரி, ஆறுகளில் கிடைத்தது. கடல் தந்தது 44 லட்சம் டன்தான். அதாவது பெருகியது பெரும்பாலும் ஆந்திரம் முதலிய மாநிலங்களின் குளங்களில் வளரும் கட்லா, ரோகு போன்றவை. வஞ்சிரம் கடலில் பிடித்தால்தான் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் காசிமேட்டிலேயே கட்டிக் கிடக்கும். மீன் இனம் பெருக அந்த ஓய்வு அவசியம் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

நல்ல மீனெல்லாம் ஏற்றுமதியாகிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 2022-23இல் வெளியே போனது சுமார் 17 லட்சம் டன்தான், அதிலும் முதலிடம் உறைய வைத்த இறாலுக்கு.