கடைவாயில் ஒரு முள்

கேள்வி: எங்கள் முயல் மல்லிக்கு நான்கு வயது. பத்து நாளாக மோவாய் ஈரமாகவே இருக்கிறது. கேரட்டைக் கடித்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறாள். பொரியும் பிஸ்கட்டும் மட்டும்தான் இறங்குகிறது. முன்பற்கள் நீண்டு வளைந்துவிட்டன. முயல் வாங்கிய கடையில் கேட்டால், நகவெட்டியால் நறுக்கிவிடச் சொல்கிறார்கள். நறுக்கலாமா டாக்டர்?
— வாசகி, சேலம்

பதில்: அந்த நகவெட்டியை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் அம்மா. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு வெள்ளை முயலுக்கு அப்படித்தான் 'டக்'கென்று நறுக்கினேன். நறுக்கிய இடம் நேராகத்தான் தெரிந்தது. பல் நெடுக்கே வேர்வரை கீறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத் தாடையில் நெல்லிக்காய் அளவு வீக்கத்தோடு திரும்பி வந்தது. முயலின் சீழ் பற்பசை மாதிரி கெட்டியானது. ஊசி போட்டு உறிஞ்சினால் வராது. அந்த முயலை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்ந்தால்தான் அளவாக நிற்கும். பொரியையும் பிஸ்கட்டையும் அரைக்க வேலையே இல்லையே!

நீங்கள் முன்பல்லைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். எனக்கு ஈர மோவாய்தான் கவலை. கடைவாய்ப் பல் ஒருபக்கமாக வளர்ந்தால் ஓரத்தில் முள் போல நீட்டிக்கொள்ளும். கீழ்வரிசை முள் நாக்கைக் கிழிக்கும், மேல்வரிசை முள் கன்னத்தை. அந்த வலியில் எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முயலின் வாய்க்குள் பார்ப்பது, சாவித் துவாரம் வழியாகக் கல்யாண மண்டபத்தைப் பார்க்கிற மாதிரி. காது பார்க்கும் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தால் பாதிதான் தெரியும். மீதிக்குத் தலையை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். முயலுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். முன்பல்லைச் சுழலும் கருவியால் விழித்திருக்கும்போதே ராவிவிடலாம். கடைவாய்க்கு மயக்கம் இல்லாமல் முடியாது. யாராவது "ராத்திரியிலிருந்து பட்டினி போட்டுக் கொண்டு வாங்க" என்றால் கேட்காதீர்கள். அது மயக்கத்தில் வாந்தி எடுத்துவிடாமல் இருக்க நாய்க்கும் பூனைக்கும் உள்ள விதி. முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. பட்டினி போட்டால் குடல் நின்றுவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மருந்தையும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து முயலையே கொன்றுவிடும்.

போகும்வரை பெல்லட்டை (கடையில் விற்கும் முயல் தீவனக் குச்சிகளை) வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறியபின் ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தினமும் புழுக்கையைப் பாருங்கள். மிளகளவுக்குச் சிறுத்தாலோ, பன்னிரண்டு மணி நேரம் ஒன்றுமே தின்னாவிட்டாலோ, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

ராவியதோடு விஷயம் முடியாது. வளைந்த முன்பல் மறுபடி வளரும். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை ராவ வேண்டியிருக்கலாம். அலுத்துப்போய் முன்பற்களை எடுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. எடுத்த முயல்கள் நறுக்கிப் போட்ட கீரையை உதட்டால் கவ்வி நன்றாகவே தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

வாய் ஆறியதும் காய்ந்த புல்லும் அறுகம்புல்லும்தான் முக்கியச் சாப்பாடு. கேரட் விரல்நுனி அளவு போதும். குதிரைமசால் என்கிற தீவனத்தழை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள், அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். கூடையில் ஒரு கட்டு கொத்தமல்லித் தழையும் இருக்கட்டும். மயக்கம் தெளிந்த முயல் முதலில் அதைத்தான் மோந்து பார்க்கும்.